எட்டாம் நாள் கேட்பவர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு மழைக்காலத்தில் பெரிய ஏரி உடையும் நிலைக்கு வந்தது. பூவாயி அம்மாள் தண்ணீரில் மூழ்கி மடையைத் திறந்தார். ஏரி தப்பியது. ஏரிக்குக் கீழே இருந்த ஊரும் தப்பியது.

2. ஊர் கூடி, மடைக்குக் கீழே அரைக் காணி நிலத்தை அவருக்குக் கொடுத்தது.

3. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அரியலூரில் ஒரு வாசகசாலைக் கமிட்டி, சுற்றுவட்டாரத்து ஊர்கள், கோயில்கள், ஏரிகள், பெயர் பெற்ற மனிதர்கள் எல்லோரையும் பற்றி ஒரு விவரத் திரட்டு அச்சிட முடிவு செய்தது.

4. விவரம் சேகரிக்க ஒருவரை அமர்த்தினார்கள். படம் வரைய என்னை அமர்த்தினார்கள்.

5. அவர் முதல் நாள் போய்க் கேட்டார். ஏரியைக் காப்பாற்றியது பூவாயி அம்மாள்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள்.

6. எட்டாம் நாள் போய்க் கேட்டார். மூன்று பேரும் இல்லை என்றார்கள்.

7. அவர் எழுதவில்லை.

8. கமிட்டி எழுதிக்கொண்டது.

9. நிலம் போயிற்று.

இதில் ஏழாவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எட்டாவதைச் செய்தவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் எதற்காகச் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏழாவதைச் செய்தவர் நல்லவர். அதனால்தான் இத்தனை நாளாகியும் என் கோபம் ஆறவில்லை.

அவர் அம்மை குத்துபவர். சர்க்கார் உத்தியோகம். காக்கிக் கோட்டு, சைக்கிள், பின்னால் கட்டிய தகரப் பெட்டி. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் அவர் கால் படாத ஊர் கிடையாது. ஊர் எல்லையில் சைக்கிள் மணி கேட்டதும் "குத்துறவன் வர்றான்டோய்!" என்று பிள்ளைகள் சோளக்கொல்லைக்குள் ஓடிவிடும். அவர் அவசரப்படாமல் கொல்லை ஓரமாக உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ரிஜிஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார். தன் பெயரைக் கேட்டதும் ஏதாவது ஒரு பிள்ளை பழக்கத்தில் "உள்ளேன் சார்" என்று சொல்லிவிடும். அந்த இடத்தைப் பார்த்துக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார்.

யாரைச் சந்தித்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பார். என்னைக் கமிட்டி ஆபீஸில் முதலில் பார்த்தபோதும் அப்படித்தான்.

"எத்தனை தழும்பு இருக்குங்க?" என்றார்.

"நாலு."

"எல்லாம் எழும்பினதா?"

"சார், நான் படம் வரைய வந்திருக்கேன்."

"தெரியும்மா. தழும்பு எல்லாருக்கும் இருக்கணுமில்ல."

நான் வரதராஜன்பேட்டைக்காரி. திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய தொழிற்பள்ளியில் டிரேசர் வேலை கற்றவள். யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் நில அளவை ஆபீஸ் ஒன்றில் பெண்களையும் எடுத்தார்கள். அங்கே ஒரு வருஷம் இருந்துவிட்டுக் கமிட்டிக்கு வந்தேன். மெழுகுத் துணியில் மையால் கோடு இழுப்பது, எண் போடுவது, எண்ணுக்கு விளக்கம் எழுதுவது என் வேலை. எண் 14: ஏரி. எண் 15: மடை. என் படத்தில் ஒரு பெயர் ஏறவேண்டுமானால் அது முதலில் அவர் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கும் விவரச் சீட்டில் இருக்க வேண்டும். அவருடைய சீட்டில் ஏறவேண்டுமானால் எட்டு நாள் ஆகவேண்டும்.

அந்த எட்டு நாள் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அம்மை குத்துகிறவர் முதல் நாள் கையில் கீறி மருந்தை வைப்பார். எட்டாம் நாள் திரும்பி வந்து கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். எழும்பியிருந்தால் ரிஜிஸ்தரில் 'பலித்தது' என்று எழுதுவார். இல்லையென்றால் மறுபடி கீறுவார். எட்டாம் நாள் பார்க்காமல் 'பலித்தது' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இவர் அப்படிச் செய்ததில்லை. ஒரு தடவை வெள்ளாற்றில் தண்ணீர் வந்து அக்கரைக்குப் போக முடியாமல் ஒன்பதாம் நாள் போயிருக்கிறார். கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் 'ஒன்பதாம் நாள் பார்த்தது' என்று ரிஜிஸ்தரில் எழுதி, தன்மேல் தானே மேலதிகாரிக்கு ஒரு காகிதமும் போட்டார். மேலதிகாரி கூப்பிட்டு, "ஏன்யா எனக்கு வேலை வைக்கிறே?" என்று திட்டினாராம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

விவரத் திரட்டுக்கும் அவர் இதே விதியைக் கொண்டுவந்தார். ஒரு சேதியை இன்று கேட்டால் எட்டாம் நாள் போய் அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சீட்டில் ஏறும். இல்லையென்றால் ஏறாது.

பூலாம்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் இருந்தார். ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தேன் என்று முதல் நாள் சொன்னார். புலி வந்தது, ஆறு வந்தது, எல்லாம் வந்தது. எட்டாம் நாள் கேட்டபோது பாதி வழி கப்பல் என்றார்.

"மொத நாள் முழுக்க நடந்தேன்னீங்களே?"

"அன்னிக்கி நடந்தேங்க. இன்னிக்கிக் கால் வலிக்குது."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. 'நிற்கவில்லை' என்று குறித்துக்கொண்டு பெட்டியை மூடினார்.

அவருக்குக் கலியாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். குரும்பலூரில் பெண் பார்க்கப் போனாராம். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவர், எட்டாம் நாள் யாருக்கும் சொல்லாமல் மறுபடி போய் நின்றாராம். பெண்ணின் தாய்மாமன் வாசலிலேயே மறித்து, "எங்க பொண்ணு என்ன அம்மைக் குத்தா, எழும்பிருச்சான்னு பாக்க? போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாராம். நான் அவரிடம் கேட்டேன். "ஆமாம்மா. மொத நாள் சீவி சிங்காரிச்சு உக்கார வெச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு நெசமாவே சம்மதமான்னு எட்டாம் நாள்தானே தெரியும்?" என்றார். கேலியாகக் கேட்டவளுக்கு அதற்குமேல் கேலி வரவில்லை.

அந்த விதியில் நியாயம் இருந்தது என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். ஓர் ஊரில் சாவடியைக் கட்டியது மணியக்காரரின் பாட்டனார் என்று முதல் நாள் ஒரு தெருவே சொன்னது. மணியக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எட்டாம் நாள் இவர் தனியாகப் போனார். அதே தெரு, நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓர் ஆள் கல் சுமந்து கட்டியது என்றது. பாட்டனார் பெயர் திரட்டில் ஏறவில்லை. "மொத நாள் நமக்காகப் பேசுவாங்க, எட்டாம் நாள் தனக்காகப் பேசுவாங்க" என்பார். நூறு ஊரில் அது சரியாக இருந்திருக்கும். நூற்றோராவது ஊரைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

முதல் நாள் நானும் போயிருந்தேன். ஏரியின் கரையையும் மடையையும் அளந்து வரையவேண்டியிருந்தது. கமிட்டி கொடுத்த மாட்டு வண்டியில் நான், முன்னால் சைக்கிளில் அவர். ஊரார் அந்த மடையைப் 'பூவாயி மடை' என்றுதான் சொன்னார்கள். ஏன் என்று மூன்று பேரிடம் அவர் கேட்டார்: ஊர்ப் பெரியவர் ஒருவர், பிடாரி கோயில் பூசாரி, ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த ஒரு விதவை அம்மாள். மூவரையும் தனித்தனியாகத்தான் கேட்டார். மூவரும் சொன்னது ஒரே கதை. மழை விடாமல் பெய்து, காலையில் கரையில் கசிவு கண்டது. பெரிய மடையைத் திறந்து தண்ணீரை விட்டால்தான் கரை நிற்கும். மடையைத் திறந்து மூடும் வேலை பூவாயி அம்மாளின் புருஷனுடையது. அவர் காய்ச்சலில் கிடந்தார். மடை ஏரிக்குள்ளே இருக்கிறது. ஆழத்தில் ஒரு துளை, அதை அடைத்த கட்டை. மூழ்கிப் போய்க் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய உடனே தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும். பூவாயி அம்மாள் மூழ்கினார். கட்டை வந்தது, அவரும் வந்தார். மறு வாரம் கோயில் முன்னால் கூடிய ஊர், மடைக்குக் கீழே இருந்த அரைக் காணியை அவர் பேர் சொல்லிக் கொடுத்தது. காகிதம் எழுதவில்லை. கணக்கில் அது 'ஊர் மானியம்' என்று மட்டும் இருந்தது. யாருக்கு, எதற்கு என்று இல்லை.

பிறகு அந்த அரைக் காணிக்கே போனோம். பூவாயி அம்மாள் மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேரியில் வசிப்பவர். இவர் வரப்பில் நின்று, "வணக்கங்க, கொஞ்சம் பேசலாங்களா?" என்றார். அந்த ஊரில் அவரிடம் 'ங்க' போட்டுப் பேசிய உத்தியோகஸ்தர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தக் குணத்துக்காகவும் இவரை எனக்குப் பிடித்திருந்தது.

"ஆரு, அம்மை குத்துற ஐயாவா? எனக்கு இனிமே எங்க சாமி குத்துவீங்க? கையில சதையே இல்ல."

"குத்த வரலீங்க. ஏரி சேதி கேக்க வந்தேன்."

"அப்ப இந்தப் பக்கம் வந்து கேளுங்க. அந்தக் காத ஏரிக்குக் குடுத்தாச்சு."

தண்ணீருக்கு அடியில் இடது காது போயிருக்கிறது. நாங்கள் வலது பக்கம் வந்து நின்றோம்.

"ஆம்பளைங்க எல்லாம் கரையில நின்னுக்கிட்டுப் பிடாரியக் கூப்புடுறாங்க. பிடாரிக்கு மடை தொறக்கத் தெரியுமா? எனக்குத் தெரியும். அந்தாளுக்குச் சோறு கொண்டு போறப்ப எத்தினி தடவ பாத்திருக்கேன்."

"பயமா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"மேல நிக்கிற வரைக்கும் பயந்தேன் தாயி. உள்ள போன பொறவு கட்டையத்தான் தேடுனேன். பயத்தத் தேட நேரமில்ல."

நான் சிரித்தேன். இவர் 'புருஷனுக்குக் காய்ச்சல்: முறைக் காய்ச்சலா?' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு பூவாயி அம்மாள் கேட்டார்: "சாமி, இத அச்சுல போட்டுட்டா இந்தக் கொல்லைய ஆரும் கேக்க மாட்டாங்கள்ல? பண்ணையில ரெண்டு தடவ ஆளு வந்துருச்சு. எங்க தாத்தா தருமமாக் குடுத்தது, திரும்ப வுட்டுரு, கெணறு வெட்டணுங்கிறாங்க."

பண்ணையார் எங்கள் கமிட்டியில் ஓர் உறுப்பினர். எனக்குத் தெரியும். அம்மை குத்துபவருக்கும் தெரியும்.

"எட்டாம் நாள் வந்து கேட்டுட்டு எழுதறேங்க" என்றார்.

"எதுக்கு எட்டு நாளு? நான் எங்கயும் போவலியே?"

"அது ஒரு முறைங்க."

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாராவாரம் கமிட்டிக் காரியதரிசியிடம் இரண்டு பட்டியல் கொடுப்பார். ஒன்று, நிலைத்த சேதிகள். மற்றொன்று, கேட்டிருக்கும் சேதிகள்: எந்த ஊர், யார் யார் சொன்னது, எந்தத் தேதியில் திரும்பக் கேட்கப் போகிறேன். கமிட்டி வேலை ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கொடுத்தார். அந்த வாரப் பட்டியலில் பூவாயி அம்மாள் இருந்தார். சொன்ன மூன்று பேரும் இருந்தார்கள். திரும்பப் போகும் தேதியும் இருந்தது. காரியதரிசி ஒரு வக்கீல். பண்ணையாரின் வக்கீல்.

இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா? அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அதுதான் என் கோபம்.

எட்டாம் நாளும் போனோம். ஊர்ப் பெரியவர் எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்து மாட்டின் முதுகைத் துடைக்கத் தொடங்கினார்.

"மடையத் தொறந்தது யாருங்க?"

"பண்ணை ஆளுவ யாரோ தொறந்தாங்க."

"அன்னிக்கிப் பூவாயி அம்மான்னு சொன்னீங்களே?"

"அன்னிக்கி வெயிலு. வாய்க்கு வந்ததச் சொல்லியிருப்பேன்."

"நெலம்?"

"பண்ணையில பெரியவரு தருமமாக் குடுத்தாரு. போதுங்களா? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

பூசாரி, தான் அப்போது சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாது என்றார். முதல் நாள், கரையில் தான் எந்தப் பக்கம் நின்றார் என்று கையை நீட்டிக் காட்டியவர் அவர். விதவை அம்மாள் கதவைப் பாதி திறந்து, "பண்ணையிலதாங்க குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். பூசாரியின் மனைவி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "செவ்வாக்கெழம பண்ணைக் காரியக்காரரு வந்தாரும்மா. மூணு வூட்டுக்கும் போனாரு. வேற வூட்டுக்குப் போகல. எங்க வூட்டுல அரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. மோரு குடுத்தேன், குடிக்கல."

நான் ஓடினேன். அவர் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ரிஜிஸ்தரைத் திறந்தார். எழுதினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"சரிம்மா. அந்தம்மாகிட்ட அடுத்த எட்டாம் நாள் திரும்பக் கேக்கணும்" என்றார்.

நான் அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று ஏரிக்கரை என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"சார், அதுக்குள்ள காரியக்காரர் அந்தம்மாகிட்டயும் போயிருவாரு! நீங்க எட்டு நாள் குடுக்குறது சனங்களுக்கில்ல, பண்ணைக்கு!"

"அப்படி நெனைக்க எடமிருக்கு. ஆனா அது நம்ம அபிப்பிராயம்மா. சேதி இல்ல."

"மொத நாள் நாம ரெண்டு பேரும் காதால கேட்டோமே, அது?"

"மொத நாள் கேட்டத மட்டும் வெச்சு எதையுமே நான் சீட்டுல எழுதினதில்லியே. பண்ணைக்காரங்க சொன்னாலும் எழுதினதில்ல. இவங்களுக்கு மட்டும் எழுதினா, அப்புறம் எதுக்கு அந்த முறை?"

குரலை உயர்த்தவே இல்லை. அவர் பயந்திருந்தால் மன்னித்திருப்பேன். பண்ணையாரிடம் ஏதாவது வாங்கியிருந்தால் வெறுத்துவிட்டு மறந்திருப்பேன். இரண்டும் இல்லை. பண்ணையார் சொன்ன சேதிகளையும் இதே விதியால் எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறார். அதே கத்தியை இங்கேயும் நேராகப் பிடித்தார், அவ்வளவுதான். நிறுக்கிறவர் நேர்மையாகத்தான் நிறுத்தார். ஒரு தட்டில் யாரோ கால் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டினாலும் குனிந்து பார்க்க மாட்டேன் என்றார்.

அடுத்த எட்டாம் நாள் போனார். பூசாரியின் மனைவி, யாரும் வரவில்லை, நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றாராம். 'நிற்கவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார். பூவாயி அம்மாளிடம் கேட்டீர்களா என்றேன். "அவங்க சம்பந்தப்பட்டவங்க. சம்பந்தப்பட்டவங்க சொல்றத மட்டும் வெச்சு எழுதுறதில்ல" என்றார். மூழ்கியவரைத் தவிர எல்லோரையும் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

ஏரியின் சீட்டில் நீளம், மடைகளின் எண்ணிக்கை, பாசன ஊர்கள் எல்லாம் இருந்தன. கரை காப்பாற்றப்பட்ட விவரம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. பொய் எழுதவில்லை என்று அவருக்குத் திருப்தி. வெறும் இடத்தைக் காரியதரிசி தன் பேனாவால் நிரப்பினார். ஊர் மக்கள் நலனுக்காகப் பண்ணைக் குடும்பத்தார் ஆள்களை ஏவிக் கரையைக் காத்ததாகவும், மடைக்குக் கீழே உள்ள நிலத்தைத் தருமமாகவும் தற்காலிகமாகவும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு விட்டிருப்பதாகவும் எழுதினார். 'தற்காலிகமாக' என்ற சொல்லை எழுத ஒரு வக்கீலால்தான் முடியும்.

இனி என் பங்கு. என் படத்தில் எண் 15க்கு எதிரே 'பூவாயி மடை' என்று எழுதியிருந்தேன். சீட்டில் இல்லாத பெயர் படத்தில் எப்படி வந்தது என்று காரியதரிசி கேட்டார். அம்மை குத்துபவர் அங்கேயே இருந்தார். அவரைப் பார்த்தேன். "நிக்காத பேரும்மா" என்றார். சவரக் கத்தியால் மெழுகுத் துணியைச் சுரண்டி மையை எடுத்தேன். மையை எடுப்பது எனக்கு நன்றாக வரும். பள்ளியில் அதற்குத் தனியாகப் பரீட்சை உண்டு. சுரண்டிய இடத்தை வழவழப்பாக்கி அதன்மேல் 'பெரிய மடை' என்று எழுதினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. சொல்லவில்லை. அவரைத் திட்டும் ஒவ்வொரு தடவையும் இந்த வரியையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

புத்தகம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பண்ணை வழக்குப் போட்டது. பூவாயி அம்மாளின் பக்கம் ஓர் இளம் வக்கீல் வந்தார். அவர் சாட்சிக்கு அழைத்தது அம்மை குத்துபவரை. என்னை அழைக்கவில்லை. "நீங்க படம் போட்டவங்கம்மா. கேட்டு எழுதினவரு அவருதான். சர்க்கார் ஆளு, பொய் சொல்ல மாட்டாருன்னு ஜில்லாவுக்கே தெரியும்" என்றார். பொய் சொல்ல மாட்டார் என்பதில்தான் அந்த வக்கீல் தோற்றார்.

நான் கோர்ட்டில் பின் பெஞ்சியில் இருந்தேன். இவர் காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, முதல் நாளும் எட்டாம் நாளும் கேட்டதை எழுதிவைத்த ரிஜிஸ்தரைக் கொண்டு வந்திருந்தார். முதல் நாள் மூன்று பேரும் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். பிறகு பண்ணையின் வக்கீல், அதாவது எங்கள் காரியதரிசி, எழுந்தார்.

"எட்டாம் நாள் என்ன சொன்னாங்க?"

வாசித்தார். அதையும் ஒரு வார்த்தை விடவில்லை.

"உங்க வழக்கப்படி இதுல எது நிக்குது?"

"எதுவும் நிக்கலீங்க."

"அதாவது, இந்தம்மாதான் மடையத் தொறந்தாங்கன்னு நீங்க சொல்ல முடியாது?"

"சொல்ல முடியாதுங்க."

இளம் வக்கீல் பதறி எழுந்து, "பண்ணை தருமமாக் குடுத்ததுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "அதுவும் முடியாதுங்க" என்றார். அது யாருக்கும் பயன்படவில்லை. அச்சிட்ட புத்தகம் ஒன்று மேஜைமேல் இருந்தது. கணக்கில் இருந்த 'ஊர் மானியம்' யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை; எதிராக வேறு காகிதம் ஒன்றுமில்லை. தீர்ப்பு பண்ணைக்கு வந்தது.

வெளியே வராந்தாவில் பூவாயி அம்மாள் அவரைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் தன் வலது காதை இவர் பக்கம் திருப்பிக்கொண்டு, பதிலைக் கேட்க வந்தவராக, சாதாரணமாகத்தான் கேட்டார்:

"ஏஞ்சாமி, நான் ரெண்டு தடவ முங்கியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

இவர் அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து சைக்கிளின் சங்கிலியைச் சரிசெய்தார். அது கழன்றிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தாலுகாவில் அதிக நாள் இருக்கவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். தண்டனையாக வந்த மாற்றல் என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று நான் இரண்டு தடவை விசாரிக்கவில்லை. போகும் முன் ஒரு நாள் ஏரிக்கரையில் அவரைப் பார்த்ததாக எங்கள் பழைய வண்டிக்காரர் சொன்னார். மடைக்கு நேரே கரையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையில் கடிகாரத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாராம். எதை அளந்தார் என்று எனக்குப் புரிகிறது. அளந்து முடித்தபின் எங்கே எழுதினார் என்று தெரியவில்லை.

போன வருஷம் அவருடைய விலாசத்தைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினேன். மேல் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது. காரியக்காரர் முன்கூட்டியே ஊருக்குள் வந்துபோன சேதியை நான் அன்றே உங்களிடம் சொன்னேன், நீங்கள் அதை ரிஜிஸ்தரில் எழுதினீர்கள். அந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டேன். எட்டாம் நாள் பதில் வந்தது. பக்கத்தைக் கையால் நகல் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே, 'டிரேசர் அம்மாள் சொல்லக் கேட்டது. மறுமுறை கேட்டபோது நிற்கவில்லை' என்ற வரியையும் சேர்த்தே நகல் எடுத்திருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. சுகமா என்றுகூட இல்லை.

இன்றைய நிலை இது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. மேல் கோர்ட்டில் வழக்கு இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது. ஊர்ப் பெரியவர் இறந்துவிட்டார். பூசாரி பேச மறுக்கிறார். விதவை அம்மாள் வந்து சொல்கிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார், இன்னும் வரவில்லை. நான் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயரைச் சுரண்டியது நான்தான் என்பதையும் எழுதியிருக்கிறேன். ஏற்பார்களா என்று தெரியாது. பூவாயி அம்மாள் அரும்பாவூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கூலிக்கு நாற்று நடப் போகிறார். அரைக் காணியில் பண்ணையின் கரும்பு நிற்கிறது. விவரத் திரட்டு அரியலூர் வாசகசாலையில் இருக்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் அறுபத்து மூன்றாம் பக்கம் பொய்.